சிறுவன் விதியை மீறினால்: உள்ளூர் விதிகளும் சிறார் நீதியும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், சேலம் அடிவாரத்தைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு காட்சி கண்ணில் படாமல் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில், மீசை அரும்பாத பையன்கள் மூவர் ஒரே ஸ்கூட்டரில் அமர்ந்து, தலைக்கவசம் இல்லாமல், எதிரே இறங்கிவரும் பேருந்துக்கு வழிவிடத் தடுமாறிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட மூவரில் வண்டி ஓட்டிய பையனுடைய தாயார் ஒரு மாலை நேரத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சட்டத் தன்னார்வலராகச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அவருக்கு என்னைத் தெரியும். "அண்ணா, பையன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். கையும் ஓடல, காலும் ஓடலீங்க" என்றார். பையனுக்கு அப்போது பதினாறு வயது.

அன்று இரவுக்குள் அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் மூன்று. பையனை ஜெயிலில் போட்டுவிடுவார்களா? வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்? நாளைக்கு அவன் வேலைக்குப் போகும்போது இது குறுக்கே வந்து நிற்குமா? பிள்ளை வளர்க்கும் எவருக்கும் எழக்கூடிய இந்தக் கேள்விகளுக்கு நம் சட்டத்தில் தெளிவான விடைகள் இருக்கின்றன. அந்த விடைகள் காவல் நிலைய வாசலில் நிற்கும் நேரத்தில்தான் முதன்முறையாகக் காதில் விழுகின்றன என்பதே எனக்குள்ள கவலை. அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், ஒரு சிறுவன் மீறக்கூடிய உள்ளூர் விதிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். சேலம் 1994-இல் மாநகராட்சியானது. இன்று தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்ற சட்டமும், 2023-இல் அதன் கீழ் வந்த விதிகளும் மாநகராட்சியின் அதிகாரத்தை வரையறுக்கின்றன. சாக்கடையில் குப்பை கொட்டுவது, பொது இடத்தை அசுத்தப்படுத்துவது, அனுமதியின்றித் தட்டி வைப்பது போன்றவை இதன் கீழ் வரும். மலை ஏறியதும் நிலைமை மாறுகிறது. ஏற்காடு ஊராட்சி ஒன்றியம்; அங்கே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 பொருந்துகிறது. சேர்வராயன் மலையின் காப்புக்காட்டுக்குள் கால் வைத்தால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் வந்துவிடுகிறது. மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் சருகில் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவது அந்தச் சட்டப்படி குற்றம். இவற்றோடு மாநிலம் முழுவதற்குமான சட்டங்களும் உண்டு. சுவரில் எழுதுவதையும் சுவரொட்டி ஒட்டுவதையும் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கான தடை, மோட்டார் வாகனச் சட்டம் எனப் பட்டியல் நீளும்.

காவல்துறையின் எல்லையும் இப்படியே பிரிகிறது. சேலம் நகரம் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் இருக்கிறது. ஏற்காடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் இருக்கிறது. ஆகவே சேலம் நகரின் ஐந்து ரோடு சந்திப்பில் பிடிபட்ட பையனையும் ஏற்காடு ஏரிக்கரையில் பிடிபட்ட பையனையும் விசாரிப்பவர்கள் வேறு வேறு அதிகாரிகள்.

இத்தனை விதிகள், இத்தனை அலுவலகங்கள் என்று பார்க்கும்போது, ஒவ்வொரு விதிக்கும் சிறுவர்களை நடத்தும் முறை ஒன்று தனியாக இருக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அப்படி இல்லை. மாநகராட்சி விதியோ, ஊராட்சி விதியோ, வனச் சட்டமோ எது தவறு என்று மட்டுமே சொல்ல முடியும். அந்தத் தவறைப் பதினெட்டு வயது நிறையாத ஒருவர் செய்துவிட்டால் அவரை எப்படிப் பிடிப்பது, எங்கே வைப்பது, யார் விசாரிப்பது, என்ன உத்தரவிடுவது என்பதையெல்லாம் ஒரே ஒரு சட்டம்தான் தீர்மானிக்கிறது. அது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். 2016 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் முதல் பிரிவே, வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் சிறாரைப் பிடிப்பது, காவலில் வைப்பது, வழக்கு நடத்துவது, தண்டிப்பது, மறுவாழ்வு அளிப்பது ஆகிய அனைத்துக்கும் இந்தச் சட்டமே பொருந்தும் என்று கூறிவிடுகிறது. நம் மாமன்றமோ கிராம சபையோ சிறுவர்களுக்கென ஒரு தண்டனையைத் தீர்மானம் போட்டுக் கொண்டுவர முடியாது. அமெரிக்காவின் நகரங்கள் பலவற்றில், இரவு குறிப்பிட்ட மணிக்கு மேல் சிறுவர்கள் தனியே தெருவில் இருக்கக் கூடாது என்று நகர மன்றமே விதி இயற்றி, மீறுபவர்களுக்கோ பெற்றோருக்கோ அபராதம் விதிப்பதுண்டு. நம் நாட்டில் உள்ளாட்சிகளுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை.

இந்த முறை நேற்று வந்ததும் அன்று. பெரியவர்களிடமிருந்து பிரித்து, குழந்தைகளுக்கெனத் தனி நீதிமுறை வேண்டும் என்று இந்தியாவில் முதன்முதலில் சட்டம் செய்தது நம் சென்னை மாகாணம்தான். அது 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகே பின்தொடர்ந்தன. நாடு முழுவதற்குமான முதல் சட்டம் 1986-இல் வந்தபோது ஆண்பிள்ளைகளுக்கு வயது வரம்பு பதினாறாகவும் பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டாகவும் இருந்தது. குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டதைத் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் பதினெட்டு என்று ஆக்கியது.

வயது என்ற வாசல்

வயதைப் பொறுத்தே எல்லாம் தொடங்குவதால், அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவின்படி, ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றம் ஆகாது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தை, தான் செய்வதன் தன்மையையும் விளைவையும் உணரும் பக்குவம் இல்லாமல் செய்திருந்தால் அதுவும் குற்றம் ஆகாது என்கிறது 21-ஆம் பிரிவு. அதற்கு மேல் பதினெட்டு நிறையும் வரை உள்ளவர்கள் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டும், ஆனால் பெரியவர்களைப் போல அல்ல. இவர்களைச் சிறார் நீதிச் சட்டம் குற்றவாளி என்று அழைப்பதில்லை. "சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை" என்றே குறிப்பிடுகிறது. "குற்றம் சாட்டப்பட்டவர்", "கைதி" போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் அடிப்படை நெறிகளில் ஒன்று. சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். தன்னைத் திருடன் என்று ஊரே கூப்பிடக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கணக்கில் எடுக்கப்படுவது செயல் நடந்த நாளன்று இருந்த வயது. பிடிபட்ட நாளோ, தீர்ப்பு வரும் நாளோ அல்ல. பதினேழு வயது பதினோரு மாதத்தில் செய்த ஒன்றுக்காக இருபது வயதில் விசாரிக்கப்பட்டாலும் அவர் சிறாராகவே கருதப்படுவார். தாம் அப்போது சிறார் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட, எழுப்பலாம்.

அன்று மாலை நான் அந்தத் தாயாரிடம் முதலில் கேட்டது, பையனுடைய வயதுக்கு என்ன சான்று இருக்கிறது என்பதைத்தான். மஞ்சப்பை ஒன்றில் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கேட்பவை வேறு. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ வழங்கிய பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை போன்ற மருத்துவ ஆய்வு. ஆதாரும் குடும்ப அட்டையும் இந்த வரிசையில் இல்லை. உள்ளாட்சி அமைப்பு ஒரு சிறுவனின் வழக்கில் ஆற்றும் பெரும்பங்கு அபராதம் விதிப்பதில் இல்லை, என்றோ பதிவு செய்து வைத்த அந்தப் பிறப்புப் பதிவேட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. காபித் தோட்ட வேலைக்காக இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில் இன்றும் பிறந்த தேதி குத்துமதிப்பாக எழுதப்படலாம். சில மாத வித்தியாசம் ஒரு பையனைச் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவதா, பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்பதையே மாற்றிவிடும் என்பதால், பிள்ளையின் பிறப்புச் சான்றும் பள்ளிப் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று பெற்றோர் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

சிறு குற்றம், கடும் குற்றம், கொடுங்குற்றம்

செயல்களைச் சட்டம் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறது. அந்தச் செயலுக்குப் பெரியவர் ஒருவருக்கு அதிகபட்சமாக மூன்றாண்டு வரை சிறை என்றால், அது சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என்றால், அது கொடுங்குற்றம். இரண்டுக்கும் இடையில் இருப்பவை கடும் குற்றங்கள். அதிகபட்சம் ஏழாண்டுக்கு மேல் இருந்தாலும் குறைந்தபட்சம் எதுவும் குறிப்பிடப்படாத குற்றங்களை எந்த அடுக்கில் வைப்பது என்ற குழப்பம் நீண்ட நாள் இருந்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றைக் கடும் குற்றமாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

உள்ளூர் விதி மீறல்கள் ஏறத்தாழ அனைத்தும் முதல் அடுக்கில் வந்து விழுகின்றன. மாநகராட்சி, ஊராட்சி விதிகளை மீறுவதற்குப் பெரும்பாலும் அபராதம்தான். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவதற்குப் பெரியவருக்கே மூன்று மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்தான். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு என்பதால் அதுவும் சிறு குற்றமே. ஆனால் வீட்டுக்குள் புகுந்து திருடினால் ஏழாண்டு வரை என்பதால் அது கடும் குற்றம். தெருவில் செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடுவது, புதிய தண்டனைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவுப்படி மூன்றாண்டு வரை என்பதால் சிறு குற்றம். அதே பறிப்பில் அடித்துவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் கொள்ளையாகி, பத்தாண்டு வரை தண்டனை உள்ள கடும் குற்றமாகிவிடும். கஞ்சாவை எடுத்துக்கொண்டால் இந்த அடுக்குகள் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு கிலோ வரை வைத்திருந்தால் அதிகபட்சம் ஓராண்டு, எனவே சிறு குற்றம். அதற்கு மேல் இருபது கிலோவுக்குக் குறைவாக இருந்தால் பத்தாண்டு வரை, எனவே கடும் குற்றம். வணிக அளவைத் தொட்டுவிட்டால் குறைந்தபட்சமே பத்தாண்டு, எனவே கொடுங்குற்றம். "இந்தப் பையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடு" என்று பையன் கையில் திணிக்கும் பெரியவனுக்கு அந்தப் பையின் எடை தெரியும், பையனுக்குத் தெரியாது.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

சிறாரைப் பிடித்தால் காவல்துறை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவும், மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளும் விரிவாகச் சொல்கின்றன. தமிழ்நாடும் 2017-இல் தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) தகுதிக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். மாவட்டத்துக்கும் மாநகரத்துக்கும் சிறப்புச் சிறார் காவல் பிரிவு இருக்க வேண்டும். பிடிக்கப்பட்ட குழந்தை உடனே இவர்களில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. சிறைக்கு அனுப்பக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. குழந்தையிடம் பேசும் அலுவலர் முடிந்தவரை சீருடை இல்லாமல் இருக்க வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்திடக் கட்டாயப்படுத்தக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

சிறு குற்றங்களுக்கும் கடும் குற்றங்களுக்கும், அந்தக் குழந்தையின் நலனுக்கு அவசியம் என்றால் தவிர, பிடித்து வைக்கவே தேவையில்லை. முதல் தகவல் அறிக்கை எனப்படும் எஃப்.ஐ.ஆர். பதிவதும் கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ மட்டும்தான். மற்றவற்றில் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் விவரத்தை எழுதி, குழந்தையின் குடும்பம், படிப்பு, சூழ்நிலை ஆகியவற்றைச் சொல்லும் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பிவிட்டு, எந்த நாளில் வர வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னால் போதும். இந்த ஒரு விதியைச் சேலத்தின் ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையன் வரவேற்பு மேசைக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சின் விளிம்பில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு செருப்பைக் காணவில்லை. எதிரில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். விதியை எடுத்துச் சொன்னபோது அங்கிருந்த அலுவலர் கோபப்படவில்லை. தாளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, குழந்தைகள் நல அலுவலரை அழைத்தார். ஓர் அரை மணி நேரத்தில், பையன் தாயாரோடு வீடு திரும்பினான். விதியை யாரும் வேண்டுமென்றே மீறுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நினைவூட்ட ஆள் இருந்தால் பல இடங்களில் அது நிறைவேறிவிடுகிறது.

பிடித்து வைக்க வேண்டிய நிலை வந்துவிட்டால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். மலையிலிருந்து சேலத்துக்கு வரும் பயண நேரம் மட்டும் அதில் சேராது. குழுமம் அன்று கூடவில்லையென்றால் தனி உறுப்பினர் ஒருவர் முன்பாவது நிறுத்தலாம். பிணை கொடுப்பதே பொது விதி. ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கலாம். அறிந்த குற்றவாளிகளோடு மீண்டும் சேர வாய்ப்பு, குழந்தைக்கே உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, நீதியின் நோக்கமே கெட்டுவிடும் நிலை ஆகிய மூன்று காரணங்களுக்காக மட்டுமே, அவற்றை எழுத்தில் பதிந்து, மறுக்கலாம். 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய காரால் இருவர் இறந்தபோது, பிணைக்கான நிபந்தனையாக 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னது நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. இரண்டு உயிர் போன இடத்தில் அந்தக் கோபம் நியாயமானதே. ஆனாலும் பிணை என்பது விசாரணை முடியும் வரைக்குமான ஏற்பாடு. அது விடுதலையும் ஆகாது, தண்டனையும் ஆகாது.

பிணை கிடைக்காத குழந்தை கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்படும். சேலத்திலேயே அத்தகைய இல்லம் ஒன்று உண்டு. பிணை கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் கடந்துவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காகக் குழந்தையை மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். ஜாமீன் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளை அதற்காகவே அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்ற எண்ணம் இந்த விதியில் இருக்கிறது.

குழுமம்

இளஞ்சிறார் நீதிக் குழுமத்தில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமுள்ள ஒரு நீதித்துறை நடுவரும், இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். குழுமம் நீதிமன்ற வளாகத்துக்குள்ளோ சிறை வளாகத்துக்குள்ளோ கூடக் கூடாது. உயர்ந்த மேடை கிடையாது, சாட்சிக் கூண்டு கிடையாது. குழந்தையும் உறுப்பினர்களும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். வெளியாட்களுக்கு அங்கே இடமில்லை. வழக்குரைஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்து தருவது குழுமத்தின் கடமை. சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அந்தத் தாயாரின் இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான்: வக்கீலுக்கு ஒரு ரூபாயும் ஆக வேண்டியதில்லை.

சிறு குற்றமாக இருந்தால் முதல் நாளிலேயே, தாள்களைப் பார்த்துச் சுருக்க விசாரணையில் முடித்துவிடக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. இல்லையென்றால் நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகும் முடியாத சிறு குற்ற விசாரணை அத்தோடு கைவிடப்பட்டதாகிவிடும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து அறிக்கை தருவார். அவரை அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று கூசிக் கதவைச் சாத்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது பெரும் பிழை. பையன் எந்தச் சூழ்நிலையில் அதைச் செய்தான் என்பதைக் குழுமத்துக்குச் சொல்லப்போகிறவர் அவர்தான்.

தவறு உறுதியானால் குழுமம் இடக்கூடிய உத்தரவுகள் 18-ஆம் பிரிவில் உள்ளன. அறிவுரை சொல்லி, கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆலோசனைக்குப் போகச் சொல்லலாம். குழந்தையோ பெற்றோரோ அபராதம் கட்டும்படி சொல்லலாம். நன்னடத்தையின் பேரில் பெற்றோர் பொறுப்பில் விடலாம். மிக முற்றிய நிலையில் மூன்றாண்டுக்கு மிகாமல் சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். இவற்றில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது சமூக சேவை. பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே அதை விதிக்கலாம். பூங்காவைச் சுத்தம் செய்வது, முதியோருக்கு உதவுவது, மருத்துவமனையில் கைகொடுப்பது, போக்குவரத்துத் தன்னார்வலராக நிற்பது எனச் சில வேலைகளை விதிகளே எடுத்துச் சொல்கின்றன. ஏற்காட்டுக் காட்டோரம் பிளாஸ்டிக்கைக் கொளுத்திப் போட்ட ஒரு பையன், ஒரு மாதம் சனிக்கிழமைதோறும் ஏரிப் பூங்காவில் குப்பை பொறுக்கினால், அந்த மலையை இனி அவன் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். அப்பா கட்டிவிடும் அபராதத்தால் அது நடக்காது.

பதினாறு முதல் பதினெட்டு வரையுள்ளவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் மட்டும் வழி பிரிகிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வன்கொடுமையில் ஈடுபட்டவர்களில் ஒருவர் பதினெட்டு வயதுக்குச் சில மாதமே குறைந்தவர் என்பதால் மூன்றாண்டோடு வெளியே வந்தார். அதன்பின் எழுந்த விவாதத்தில்தான் இந்தப் பிரிவு உருவானது. இப்படிக் கொடுங்குற்றம் சாட்டப்பட்டவருடைய மன முதிர்ச்சி, விளைவை அறியும் திறன், சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட்டு, பெரியவராக விசாரிக்க வேண்டும் என்று கருதினால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அந்த நீதிமன்றமும் தன் பங்குக்கு அதை மறுபடி ஆராய வேண்டும். அங்கேயும் மரண தண்டனையோ, விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. உள்ளூர் விதி மீறல் எதுவும் இந்தப் பக்கம் வராது.

பெரியவர்களின் பங்கு

நம் மலைப்பாதைப் பையனுக்கு வருவோம். அவன் ஓட்டிய ஸ்கூட்டர் அவனுடைய தாய்மாமாவுடையது. "மாமா, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்" என்று கேட்டதும் அவர் சாவியைக் கொடுத்திருக்கிறார். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டி விதியை மீறினால் பெற்றோரோ பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றம் செய்தவராகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். பையனுக்கோ இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. ஐம்பது சிசிக்கு மேற்படாத வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் உரிமம் வேண்டும். இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் நூறு சிசிக்கு மேல்.

மற்ற இடங்களிலும் சட்டத்தின் பார்வை பெரியவர் மீதுதான் கூர்மையாக விழுகிறது. பதினெட்டு நிறையாதவருக்குச் சிகரெட் விற்பதும், கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு அபராதம் 200 ரூபாய்தானே என்று கடைக்காரர் நினைக்கலாம். சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. குழந்தையைக் கொண்டு குற்றம் செய்ய வைப்பவருக்குப் புதிய தண்டனைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவில் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பத்தாண்டு.

பையனின் படத்தை "இவனைப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவை அறிந்துகொள்ள வேண்டும். சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும்படி எதையும் செய்தித்தாளிலோ பிற தகவல் ஊடகங்களிலோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

மூன்றாவது கேள்வி

வேலைக்குப் போகும்போது இது குறுக்கே நிற்குமா என்று கேட்டாரே, அதற்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விடை சொல்கிறது. இச்சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட குழந்தைக்கு, அந்தக் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் ஏற்படாது. குழந்தைகள் நீதிமன்றம் பெரியவராகக் கருதித் தீர்ப்பளித்த பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. மற்றவர்களின் பதிவுகளை மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை அல்லது ஏழாண்டு வரைதான் வைத்திருக்கலாம். பிறகு அழித்துவிட வேண்டும். மத்தியப் பாதுகாப்புப் படை ஒன்றில் பணிக்குத் தேர்வான ஒருவர் மீது சிறு வயதில் வழக்கு இருந்ததைக் காரணம் காட்டி வேலையை மறுத்தபோது, அந்தக் காரணம் செல்லாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தப் பையன் குழுமத்தின் முன் ஒரு நாள்தான் போக வேண்டியிருந்தது. பெண் உறுப்பினர் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் உன்னை நம்பித்தானே ஏறினார்கள்? அவன் பதில் சொல்லவில்லை, அழுதான். அறிவுரையோடு அனுப்பிவைத்தார்கள். மாமாதான் வண்டிப் பதிவுக்காகவும் தம் வழக்குக்காகவும் பல மாதம் அலைந்தார். பையன் இப்போது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் படிக்கிறான். அம்மாப்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறான்.